செல்லாச்சி வீடு வாங்கிய தேதி

1

இந்தக் கதையை நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை. அதுவாகவே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது. ‘வரிமணி’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கணக்கர் அலுவலகங்கள் வாடிக்கையாளர்களின் வரிப் படிவங்களை அதில்தான் தயாரிக்கின்றன. அது மக்கர் செய்தால் கூப்பிடும் உதவி எண்ணுக்கு, ஈப்போவின் புந்தோங்கில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பதில் சொல்கிறவன் நான். வேலை நேரத்தில் அடுத்தவர் கணினியைச் சரிசெய்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டிலும் கெட்டிக்காரன். தன்னடக்கம் வேண்டுமென்றால் வேறு எழுத்தாளரிடம் போங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் மேகம் கவிந்து’ (சே! வீடு விற்ற கணக்குக்கும் மேகத்துக்கும் என்ன சம்பந்தம்?)

‘ஒரு காலத்தில் இங்கே ரப்பர் மரங்கள்’ (இப்படித் தொடங்கினால் என் மனைவி கலாதேவி தாளைக் கீழே வைத்துவிடுவாள். “பால்மரம் இல்லாட்டி உங்களுக்குக் கதையே வராதா?” என்பாள். செல்லாச்சி விற்ற வீடு இருந்தது சித்தியவான் பக்கத்தில், பழைய எஸ்டேட் நிலத்தில்தான். சொல்லியாயிற்று, ஆளை விடுங்கள்.)

‘அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் ஷாஹிஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.’

இதுதான். இங்கிருந்து போகலாம்.

3

ஷாஹிஸ்தாவுக்கு வயது முப்பத்தொன்று. ஈப்போவில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை. ஏழு வருடத்தில் அவள் அனுப்பிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம். எனக்கு அது பிடிக்கும்.

அவளுடைய வாடிக்கையாளர் செல்லாச்சி, ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. முதலீடாக வாங்கிப் போட்டிருந்த வீட்டை 2025 மார்ச் பன்னிரண்டாம் தேதி விற்றார். பேங்க் கடன் அது இது என்று எல்லாம் போகக் கையில் நின்றது ஐம்பத்தெட்டாயிரம் வெள்ளி (எங்கள் ஊர் ரிங்கிட்). இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் அவர். இரண்டையும் மாற்ற மருத்துவமனை கேட்டது ஐம்பத்தையாயிரம். ஒன்றுக்கு மட்டும் முப்பதாயிரம்.

சட்டம் சின்னது. வீட்டை வாங்கி ஐந்து வருடம் முடிந்த பிறகு விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. ஐந்தாவது வருடத்துக்குள் விற்றால் நூற்றுக்குப் பதினைந்து. செல்லாச்சியின் கணக்கில் அது பன்னிரண்டாயிரம் வெள்ளி.

“ஆன்ட்டி, வீடு எப்ப வாங்குனீங்க?” என்று ஷாஹிஸ்தா போனில் கேட்டாள்.

“ரெண்டாயிரத்து இருபது, ஜனவரி முப்பது. வியாழக்கிழமை, காலமை பதினொண்டரைக்கு.”

(மணியைக்கூடச் சொன்னார் பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மணியை யார் ஐந்து வருடம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அங்கேயே உறைத்திருக்க வேண்டும். அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கும் இதை எழுதும்போதுதான் உறைத்தது.)

“அப்ப அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு. வரி இல்ல ஆன்ட்டி! தைரியமா ரெண்டு காலுக்கும் தேதி வாங்குங்க.”

செல்லாச்சி அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டார்.

4

படிவத்தோடு வீட்டு ஒப்பந்தத்தையும் ஏற்றினால், வரிமணி இரண்டிலும் உள்ள தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும். பார்த்தது. ‘தேதி பொருந்தவில்லை’ என்று கட்டம் சிவந்தது.

ஷாஹிஸ்தா கணினியை அணைத்துப் போட்டாள். பதிந்ததை அழித்து மறுபடி பதிந்தாள். நாளை மாதத்துக்கு முன்னால் போட்டாள், பின்னால் போட்டாள். பக்கத்து மேசைக் கணினியில் முயன்றாள். கட்டம் சிவப்பாகவே நின்றது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, உங்க சிஸ்டத்துக்குக் கண்ணு தெரியலலா!”

“என்னம்மா காட்டுது?”

“தேதி பொருந்தலயாம். கையால எழுதுன தேதின்னா இது எப்பவுமே தப்பாத்தான் படிக்கும். போன வாரங்கூட ஒருத்தரு பங்கு வித்த கணக்குல நாளையும் மாசத்தையும் மாத்திப் போட்டு என் உயிர வாங்குச்சு.”

அவள் சொன்னது உண்மை. எங்கள் மென்பொருளுக்கு வழக்கறிஞர் கையெழுத்தைக் கண்டாலே கைகால் ஆடும். ஆனால் எங்கள் வேலையில் முதல் விதி, ‘தாளைத் திறந்து நீங்களே ஒருமுறை படியுங்கள்’ என்று சொல்வது. நான் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம், கலாதேவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

“கீழ வலது பக்கம் ‘ஒப்பிட்டுப் பார்’னு ஒரு பெட்டி இருக்கும். அதுல டிக்க எடுத்துருங்க.”

எடுத்தாள். சிவப்பு போய்விட்டது. கட்டவேண்டிய வரி: சுழியம்.

“தெரிமா காசேண்ணே!” என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சோற்றை நன்றாகச் சாப்பிட்டேன்.

5

இனி வரும் பகுதியை நான் பார்க்கவில்லை. பிற்பாடு அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவள் சொல்லாததை நானே போட்டுக்கொள்கிறேன், எழுத்தாளனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

‘அனுப்பு’ பொத்தானை அழுத்தும் முன் ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தாள். மென்பொருள் எப்படிப் படித்துத் தொலைத்தது என்று பார்த்துச் சிரிக்கத்தான் திறந்தாள். நீல மையில், குழந்தைகூடப் படிக்கும் எழுத்தில் இருந்தது: 22 ஜூன் 2020.

ஜூனிலிருந்து எண்ணினால் ஐந்து வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் குறைகிறது. உடனே செல்லாச்சியைக் கூப்பிட்டாள்.

“ஆன்ட்டி, ஜனவரியில எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்க?”

“அண்டைக்குக் கையெழுத்து ஒண்டும் இல்லைப் பிள்ளை. நல்ல நாள் பாத்து, வெத்திலை பாக்கோட ஆயிரத்தொரு வெள்ளியைத் தட்டில வைச்சுக் குடுத்தனான். வீட்டை வித்த மனுசன் தட்டை வாங்கி, ‘வீடு இனி உங்கட’ எண்டு சொன்னவர். பேந்து கொரோனாவுக்கு நடமாட்டக் கட்டுப்பாடு வந்து லோயர் ஒஃபிஸைப் பூட்டிப்போட்டினம். ஆறாம் மாசம்தான் பேப்பரில கையெழுத்து வைச்சது. ஏன் பிள்ளை, அது சும்மா பேப்பர்தானே?”

செல்லாச்சி பொய் சொல்லவில்லை. நம்மவர்களுக்குத் தட்டு கைமாறிய நாள்தான் வீடு வாங்கிய நாள். அதற்குத்தான் பஞ்சாங்கம் பார்க்கிறோம். வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போன நாளை யார் ஞாபகம் வைத்தார்கள்? சட்டமோ தாளில் இருக்கும் தேதியை மட்டும் கேட்கிறது.

“திருப்பிக் கூப்பிடுறேன் ஆன்ட்டி,” என்று ஷாஹிஸ்தா வைத்துவிட்டாள். திரையில் இன்னும் சுழியம்தான். படிவம் அனுப்ப மூன்று நாள் இருந்தது.

6

நான் எழுதிய முடிவுகள்:

முதலாவது. அவள் அப்படியே அனுப்பிவிடுகிறாள். யாருக்குத் தெரியப்போகிறது? செல்லாச்சி இரண்டு புதுக் கால்களோடு கோவில் படியேறுகிறார். இதை இரண்டு பக்கம் உருகி உருகி எழுதினேன். கலாதேவி படித்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு கேட்டாள்:

“நாளைக்குக் கேள்வி வந்தா யாருங்க பதில் சொல்றது? படிவத்துல அந்தம்மா பேருதானே இருக்கு? உங்க பேரா இருக்கு?”

கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது. கடைசி நிமிடத்தில் ஒரு சட்டப் பிரிவு கண்ணில் பட்டு, ஷாஹிஸ்தா துள்ளிக் குதித்து (போதும், எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

மூன்றாவது. உதவி எண்ணில் பேசிய நல்ல மனிதர் தன் பணத்தில் பன்னிரண்டாயிரத்தை (என் சம்பளம் தெரிந்தால் இதை நகைச்சுவை என்பீர்கள்.)

7

நடந்தது இது. மூன்று மணிக்கு மறுபடி அவள் குரல்.

“அண்ணே, மத்தியானம் எடுக்கச் சொன்னீங்கல்ல ஒரு டிக்கு, அத எப்படித் திரும்பப் போடுறது?”

பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வழியைச் சொன்னேன். போட்டாள். கட்டம் சிவந்தது. ஜூன் தேதியைப் பதிந்தாள். சிவப்பு அடங்கி, பன்னிரண்டாயிரம் என்று வந்தது.

“தப்பு என்மேலயும் இருக்கும்மா. தாளத் தொறந்து பாருங்கன்னு நான் சொல்லியிருக்கணும்.”

“நீங்க டிக்கத்தாண்ணே எடுக்கச் சொன்னீங்க. வரி இல்லன்னு சொன்னது நானு.”

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன். நான்தான் அழுதேன், அவங்க அழல. அப்புறம், ‘அழாதை பிள்ளை. அப்ப ஒரு காலுக்குத்தான் காசு காணும். எந்தக் காலை முந்திச் செய்யிறது, சொல்லு’ன்னு என்னையே கேட்டாங்கண்ணே. வலது காலுதான் ரொம்ப வலிக்குமாம். ஆனா படுக்கையில இருந்து எந்திரிக்க இடது காலத்தான் ஊனுவாங்களாம். நான் என்னண்ணே சொல்றது?”

ஊரில் உள்ள அத்தனை கணினிக்கும் பதில் வைத்திருக்கிற நான், “பார்த்துச் சொல்றேம்மா” என்று வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நாளைக்குள் சொல்லியாக வேண்டும். கடைசி வாக்கியத்தை இத்தோடு ஒன்பது முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கை நின்றுவிடுகிறது. இந்தாருங்கள், பேனாவைப் பிடியுங்கள். ஷாஹிஸ்தா என்னைக் கேட்டாள், நான் உங்களைக் கேட்கிறேன்.

‘செல்லாச்சி மருத்துவமனையைக் கூப்பிட்டு, “ஒரு கால்தான் டொக்டர். அது