பாதித் தலை

அழுகிற பிள்ளைக்கு முடிவெட்ட வேண்டுமென்றால் அந்தக் கடைவீதியில் எல்லோரும் அவளைத்தான் கைகாட்டுவார்கள். முட்டிமோதி அலறுகிற வாண்டுகளைக்கூடக் கதை சொல்லி, கண்ணாடியில் கோணல் முகம் காட்டி, அவர்களுக்கே தெரியாமல் வெட்டி அனுப்பிவிடுவாள். பெற்ற பிள்ளையிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. நாலு வயது அவனுக்கு. ‘வாலு’ என்று கூப்பிட ஆரம்பித்தது அவளுடைய அண்ணன். உண்மையில் சேட்டை என்று ஒன்றும் கிடையாது. மூலையில் உட்கார்ந்து பாட்டில் மூடியைச் சுழற்றிக்கொண்டிருப்பான். மாமன் வாயில் வந்த பேர், ஒட்டிக்கொண்டது.

அது ஆட்டிசம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “சரியாயிடுமா?” என்று அன்றைக்கே நாலு விதமாகக் கேட்டுவிட்டாள். “இது வந்து போற காய்ச்சல் மாதிரி இல்லம்மா. அவன் அப்படித்தான். அவனுக்கு எது கஷ்டம், எது புடிக்கும்னு நாம கத்துக்கணும்” என்றார் டாக்டர். கத்துக்க அவள் எங்கே உட்கார்ந்தாள்? கூட்டின தரையையே கூட்டினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஃபோனில் எவனோ சொல்லும் வைத்தியத்தைப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளையோடு சலூனில் சாயம் கலக்கினோமே, அதனாலோ என்று நினைத்தாள். அதெல்லாம் காரணமே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தும் மனசு கேட்கவில்லை.

“உங்க அண்ணன்கிட்டயாவது சொல்லிடலாமே” என்றான் கணவன். பஸ் ஓட்டுகிறவன், எதையும் நிதானமாகச் சொல்வான்.

“மூச்சு விட்டீங்கன்னா பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் விருந்து. வாலுவின் முடி காதை மூடி வளர்ந்திருந்தது. அண்ணி முடியைப் பற்றிக் கேட்பாள். அடுத்து, இன்னும் ஏன் பேசவில்லை என்பாள். முடியை வெட்டிவிட்டால் பேச்சு அங்கே போகாது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். முதல்நாள் மதியம் அவன் ஒருக்களித்துத் தூங்கும்போது கத்தரியும் சீப்புமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கை என்னமோ அற்புதமாகத்தான் ஓடியது. வலப்பக்கம் முழுவதும் முடிந்தது, அவன் அசையவில்லை. அந்தத் திருப்தியில், எந்தப் பிள்ளைக்கு வெட்டினாலும் செய்வதைச் செய்தாள். குனிந்து பிடரியில் ‘பூ’ என்று ஊதினாள்.

விழித்துவிட்டான். துண்டு முடிகள் சட்டைக்குள் இறங்கின. முடி குத்துவது அவனுக்கு ஊசி குத்துவது போல. தொண்டை கிழிய அலறி, தலையைச் சுவரில் மோதினான். அவள் கிட்டே போகப் போக அலறல் கூடியது. கடைசியில் கணவன்தான் தூக்கிப்போய்க் குளிப்பாட்டினான்.

வாலு ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவள் வேலை முடிந்து வந்ததும் அவள் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அமுக்கிக்கொள்வான். அதுதான் அவன் கூப்பிடுவது. அன்று சாயங்காலம் அவளாகக் கையை நீட்டினாள். சுவரோரமாக நழுவிப் போய்விட்டான். உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு கூப்பிடுதலையும் தானே வெட்டிப் போட்டுவிட்டோம் என்று நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் போகவே மனமில்லை. போகாவிட்டால் அண்ணன் நேரே வந்து நிற்பான். போனார்கள்.

வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் டிவி கத்திக்கொண்டிருந்தது. வாலு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சுவரோரம் போட்டிருந்த சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டான்.

“என்னம்மா இது, ஊருக்கெல்லாம் வெட்டற, உன் புள்ளைக்குப் பாதியில விட்டுட்டியா?” என்று அண்ணி சிரித்தாள்.

“முழிச்சிட்டான் அண்ணி” என்று அவளும் சிரித்துவைத்தாள். உட்காராமல் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

அண்ணன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தான். “இதுக்கா இவ்வளவு? கத்தரி பையில வச்சிருப்பியே. நான் காலப் புடிச்சுக்கறேன், மாப்ள கையப் புடிக்கட்டும். ரெண்டு நிமிஷம் அழுவான். ஃபோட்டோவுல பாதித் தலையோடயா நிக்கறது?”

பிரியத்தில்தான் சொன்னான். கத்தரியும் பையில் இருக்கத்தான் செய்தது. ஒரு நொடி, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவளுக்கும் முடித்துவிடலாம் என்றே தோன்றியது. அண்ணன் குனிந்து மேசைக்கடியில் கையை விட்டான். வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான், சத்தம்கூட வரவில்லை.

“தொடாத!” என்று அவள் கத்தியதில் கை பட்டு அடுக்கிய தட்டு கீழே விழுந்து உருண்டது. “தொடாதண்ணா. அவனுக்கு ஆட்டிசம். அவனால தாங்க முடியாது. நானே தெரியாம பண்ணிட்டேன்.”

டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அப்படியே மேசையோரம் படுத்துவிட்டாள், பட்டுச்சேலை கசங்குவதைப் பற்றிக்கூட நினைக்காமல். அவனைத் தொடவில்லை. அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

அண்ணி மெல்லக் கிட்டே வந்தாள். “சரியாயிடுமாம்மா?”

“ஆகாது அண்ணி. அத விடுங்க. திரும்ப எங்கிட்ட வருவானாங்கறதுதான் எனக்கு இப்ப கவலை. வர்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன். நீங்கல்லாம் சாப்பிடுங்க.”

யாரும் சாப்பிடப் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அண்ணன், கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் மண்டியிட்டான். காலைப் பிடிக்க வந்தவன், குரலைத் தணித்துக் கேட்டான்.

“இந்த டிவி சத்தம் அவனுக்குக் கஷ்டமா இருக்குமோ பாப்பா? அணைச்சிடட்டுமா?”

இத்தனை நாளில் அவள் யாரிடமும் அழவில்லை. அப்போதுதான் அழுதாள்.

“அணைச்சிடுண்ணா.”