இரட்டைக் கொக்கு டின்

கல்யாணமாகி வந்த புதிதில் பரணைத் துடைக்க ஏறியபோதுதான், எப்பேர்ப்பட்ட ஆளுக்கு வாக்கப்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. பிஸ்கட் டின்கள், மிட்டாய் உறைகள், ரஸ்க் விளம்பரத் தகரங்கள். சாக்லேட் காகிதங்களை இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தார் என் வீட்டுக்காரர் சந்தனசாமி. வரிச்சிக்குடி டீக்கடையில் தொங்கிய பன் விளம்பரத்துக்காக ஒரே உட்காரலில் ஆறு டீ குடித்து, கடைக்காரர் தெட்சிணாமூர்த்தியின் மனதைக் கரைத்தவர் அவர்.

"ஊரு உலகத்துல நிலம் சேக்கிறாங்க, நீங்க குப்பை சேக்கிறீங்க" என்பேன். சிரித்துக்கொள்வார்.

ஆனால் அதில் ஒன்று குப்பையில்லை என்று எனக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் என் மாமனார் காரைக்காலில் பிஸ்கட் அடுப்பு வைத்திருந்தார். 'இரட்டைக் கொக்கு பிஸ்கட்' என்று பெயர். இவருக்கு மூன்று வயதாகும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு போட்டோகூட இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு டின். அதன் மேல் மாமனார் தன் கையால் பசை தடவி ஒட்டிய நீலக் காகித லேபிள். வெயில் பட்டு வெளுத்துவிடக்கூடாதென்று இவர் லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார்.

அதுதான் வினையாகிவிட்டது. எழுபத்தொன்பது கிறிஸ்துமஸுக்கு நான் சுட்ட அச்சுமுறுக்கைத் தெருவுக்கெல்லாம் அனுப்பியதில், வீட்டிலிருந்த தூக்குவாளியும் டப்பாவும் தீர்ந்துபோயின. பக்கத்து வீட்டு கமர் நிஷாவுக்கு மட்டும் பாக்கி. என் வீட்டுக்காரர் கோயிலில் குடில் கட்டப் போயிருந்தார். அவசரத்தில் பரணில் கைக்கு எட்டிய டின்னை எடுத்து, நிரப்பி, கொடுத்துவிட்டேன். முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் பரணைப் பார்த்தவருக்கு முகம் செத்துப்போயிற்று. கொடுத்தது எந்த டின் என்று புரிந்ததும், திருப்பி வாங்கிவர நான் செருப்பை மாட்டினேன்.

"போவாத மேரி. வெறும் டின்ன எப்படிக் குடுக்கிறதுன்னு அவங்க சங்கடப்படுவாங்க. தானா வரும்."

எங்கள் தெருவில் வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. கமர் நிஷா நல்லதாக ஏதாவது செய்து கொடுப்பதற்காக நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாள் நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் வந்தாள். டின் நிறைய, ரவையும் முட்டையும் சேர்த்துச் சுட்ட தம்ரூட்டு, நெய் மணக்க.

"தாமதமாயிடுச்சுக்கா. டின்னுல ஏதோ பழைய தாளு ஒட்டிக் கெடந்துச்சு. லேசுல வரல. ரெண்டு நாளு ஊறப்போட்டு, தேங்கா நாரால தேச்சேன். இப்பப் பாருங்க, புதுசாட்டம் இருக்கு."

அவர் உள்ளேயிருந்து வந்தார். டின்னை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. டின்னும் பளிச்சுன்னு இருக்கு."

அவள் சந்தோஷமாகப் போனாள். அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். திட்டுங்கள் என்றேன், கத்துங்கள் என்றேன். "அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார், அவ்வளவுதான். அன்று நான் அழுத அழுகை என் அப்பா செத்தபோதுகூட அழவில்லை.

மறுவாரமே நான் தேட ஆரம்பித்தேன். இன்னொரு இரட்டைக் கொக்கு எங்காவது ஒரு வீட்டில் புளியோ பருப்போ சுமந்துகொண்டு கிடக்காதா? விழிதியூர், கிளிஞ்சல்மேடு என்று ஓர் ஊர் விடவில்லை. குப்பை என்று சொன்ன வாய்தான் வீடு வீடாகப் பழைய டின் கேட்டது.

கமர் நிஷா கவனித்துவிட்டாள். "உங்களுக்கும் அண்ணனோட பைத்தியம் புடிச்சிருச்சாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து அவளும் எனக்காகத் தேடினாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனால்கூடப் பழைய டின் ஒன்றைக் கேட்டு வாங்காமல் வரமாட்டாள். ஏழெட்டு வருஷத்தில் பதினான்கு டின் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், ஒவ்வொன்றையும் ஊறப்போட்டு, நார் போட்டுத் தேய்த்து, பளபளவென்று.