நோட்டீஸை விட்டு இறங்கிய எழுத்துகள்

நல்லாற்றூரில் எழுத்துகளுக்கு இடம் போதவில்லை என்றால் அவை தாளை விட்டு இறங்கிப் போய்விடும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்களின் பெயர்களை நெருக்கி அடித்தால் முகூர்த்தத்துக்குள் பாதி மாமன்களைக் காணாது. மளிகைக் கடை போர்டிலிருந்து இறங்கியவை எதிர்ப்புற மரநிழலில் உட்கார்ந்திருக்கும். யாரும் நின்று பார்ப்பதில்லை. மூலத்தாளிலிருந்து ஓர் எழுத்து இறங்கினால் அச்சான எல்லாப் பிரதிகளிலிருந்தும் அது போய்விடும். பேரூராட்சி அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேசையும் ஒரு துணிப்பையும் உண்டு. அந்தப் பைக்குப் பொறுப்பானவர் ஞானசிகாமணி.

இறங்கிப்போன எழுத்துகளைப் பொறுக்கி வந்து, பழைய இடத்திலேயே திரும்ப உட்காரவைப்பது இருபத்துமூன்று வருடமாக அவர் வேலை. இரண்டு நாளில் அவை மறுபடியும் இறங்கும். அவரும் பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்புவார். ஏன் இறங்குகின்றன என்று அவர் யோசித்ததில்லை. அது அவருடைய பிரிவில் வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் அணையிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மதகுகளைத் திறக்கிறார்கள். ஆற்றை ஒட்டிய கீழத்தெருவில் ஓட்டுக்கூரை வரைக்கும் தண்ணீர் ஏறும். தெருவில் நூற்றுப் பதினெட்டு வீடுகள். அதில் ஏழாவது வீட்டில் ஞானசிகாமணியின் அக்கா வடிவு தனியாக இருந்தார்.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்ல வழியில்லை. ஒலிபெருக்கியின் குரல் தொண்டை கட்டி மருத்துவ விடுப்பில் போயிருந்தது. ஆள் விட்டுச் சொல்லியும் பயனில்லை. போன மழைக்காலத்தில் வாய்ச்சொல்லை நம்பி மூன்று தடவை சட்டிபானையோடு மேட்டுக்கு ஓடி, மூன்று தடவையும் தண்ணீர் வராமல் திரும்பியவர்கள் கீழத்தெருக்காரர்கள். முத்திரை போட்ட நோட்டீஸைக் கண்ணால் படித்தால்தான் இனி வீட்டை விட்டு எழுந்திருப்பது என்று தெருக்கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். அதை முன்மொழிந்ததே வடிவு அக்காதான்.

பேரூராட்சித் தலைவர் கோமதிநாயகம் உடனே நோட்டீஸுக்கு ஏற்பாடு செய்தார். நடுவில் அவர் படம், சுற்றிலும் வெவ்வேறு அளவில் பதினோரு பேர் படம், ஓரம் பூராவும் மாங்காய் பார்டர், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, வரிக்கு ஒரு எழுத்துரு. அணைச் செய்தி அவருடைய காலடியில் நான்கு வரியாக நெருங்கி நின்றது. பக்கத்து ஊரில் அச்சாகிக் கட்டு வந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் எல்லா எழுத்துகளும் போய்விட்டன. மஞ்சள் தாளில் பன்னிரண்டு பேர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானசிகாமணி பையோடு கிளம்பினார். நிறைய எழுத்துகள் பேருந்து நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தன. கூ-வுக்கு வால் நீளம் என்பதால் அது பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. புள்ளிகள் தனியாகத் தபால் நிலையப் படியில் குந்தியிருந்தன. சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பதினாறில் நானூற்றுப் பதினைந்தைச் சேர்த்துவிட்டார். கீழத்தெருவின் ழ மட்டும் அகப்படவில்லை. வேறு ழ-க்கள் பையில் இருந்தன. ஆனால் ஒரு சொல்லின் எழுத்து இன்னொரு சொல்லில் போய் உட்காராது.

பழைய இடத்தில் வைக்கவைக்க அவை இறங்கின. வழக்கமாக இரண்டு நாளாவது பொறுப்பவை இந்தத் தடவை இரண்டு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. ஞானசிகாமணிக்கு நூற்றுப் பதினெட்டு வாசல்களும் ஏழாவது வாசலும் கண்முன் வந்தன.

வியாழக்கிழமை காலை கடை திறக்கிற நேரத்துக்கு அவர் ராபியா பேகத்தின் அச்சகத்துக்குப் போனார். சந்தை ரோட்டில் ஒரு கணினியும் ஒரு சின்ன ஆப்செட் மிஷினும் கொண்ட கடை அது. ராபியா அடித்த தாளிலிருந்து இதுவரை ஓர் எழுத்துகூட இறங்கியதில்லை. அதனாலேயே அவர் அந்தக் கடைக்குள் கால் வைக்க நேர்ந்ததில்லை.

"பையை இப்பிடிக் கொட்டுங்கண்ணே," என்றாள் ராபியா. முப்பத்தைந்து வயது இருக்கும். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, மேசையில் பரவிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ண ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். "தடிமன் ஏத்தி ஏத்தி சுழிக்குள்ள எல்லாம் மை அடைஞ்சு போச்சு. எப்பிடி மூச்சு விடும்?" ஒரு குச்சியால் மெதுவாகச் சுத்தம் செய்தாள். ண ஒருமுறை இருமியது.

தெ-வைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. "கொம்பை இந்த வரியில விட்டுட்டு த-வை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்காங்க. புருஷன் ஒரு ஊர்ல, பொஞ்சாதி ஒரு ஊர்ல மாதிரி." இரண்டையும் சேர்த்துவைத்தாள். அவை நகராமல் நின்றன.

"இதை யாரு படிக்கப் போறாங்க?" என்று கேட்டாள்.

"கீழத்தெரு சனம்."

"எங்க நின்னு?"

இருபத்துமூன்று வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அக்காவை நினைத்துப் பார்த்தார். "வாசல்ல நின்னுதான். கண்ணாடி போட்டிருக்க மாட்டாங்க. கையில ஏதாவது வேலை இருக்கும்."

"அப்ப அங்க போய் நில்லுங்க." அவரை வாசலில் நிற்கவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஒரு முறத்தையும் கையில் கொடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டினாள். "அவங்களுக்கு முதல்ல என்ன தெரியணும்?"

"எப்ப தண்ணி வரும்னு."

"பெறகு?"

"எங்க போகணும்னு."

"பெறகு?"

அவர் யோசித்தார். "வேற ஒண்ணும் இல்ல."

நானூற்றுப் பதினைந்து எழுத்துகளில் ஐம்பத்திரண்டை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். மற்றவற்றை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தாள். மாண்புமிகுவின் எழுத்துகள் கைகோத்தபடி கடைத்தெருப் பக்கம் நடந்தன.

பிறகு அவள் வேலை செய்ததை ஞானசிகாமணி வாசலிலேயே நின்று பார்த்தார். வெள்ளி காலை ஆறு மணிக்கு என்பதைப் பெரிதாக மேலே வைத்தாள். அதற்குக் கீழே நான்கு விரல் வெள்ளை. வரிகளை இடப்பக்கம் மட்டும் நேராக நிறுத்தி, வலப்பக்கத்தை அவற்றின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள். நீளமான சொல்லை யாரும் நெருக்கவில்லை, குட்டையான சொல்லை யாரும் அகட்டவில்லை. எழுத்துரு ஒன்றே ஒன்று. ஒவ்வோர் எழுத்தும் தாளில் ஏறி, ஒருமுறை தோளைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, சரி என்பது போல் அமைந்தது. தான் இத்தனை வருடம் அவற்றைக் கழுத்தைப் பிடித்துத் திணித்துக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முறத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

எல்லாம் ஆனது. கீ-க்கும் த்-துக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"ழ வரலையா?"

"நேத்துலேர்ந்து தேடுறேன்மா."

ராபியா பழைய மஞ்சள் நோட்டீஸை எடுத்து, எழுத்துகள் நின்றிருந்த தடத்தைப் பார்த்தாள். "கீழ்வரியில ஒரு ணி இருந்திருக்கு. அதோட மேல்சுழி ழ-வோட கால்லயே குத்தியிருக்கு. நம்ம எழுத்துக்கு மேலயும் சுழி, கீழயும் வால். வரிக்கு வரி எடம் தாராளமா வேணும்." அவள் வரிகளுக்கு இடையில் இன்னும் ஒரு விரல் இடம் விட்டாள். தாளைக் கொண்டுபோய்த் தெருவைப் பார்த்த கண்ணாடியில் ஒட்டினாள். பிறகு இருவரும் டீ குடித்தார்கள்.

இரண்டாவது மடக்கில் ழ வந்தது. எதிர்த்த மருந்துக்கடை மறைவிலிருந்து நொண்டியபடி ரோட்டைக் கடந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, தனக்குக் கீழே இருக்கப்போகிற வெள்ளையை வெகுநேரம் பார்த்தது. உள்ளே வந்து, தன் இடத்தில் ஏறி, காலை மெல்ல இறக்கியது. எதுவும் இடிக்கவில்லை. ஞானசிகாமணிக்குக் கண் கலங்கியது. டீ சூடு என்றார்.

முத்திரைக்காகத் தாளைத் தலைவரிடம் கொண்டுபோனார்கள். கோமதிநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

ஞானசிகாமணி தலைவரிடம் எதிர்த்துப் பேசியவர் அல்ல. அவர் வாய் திறப்பதற்குள் தலைவர் சட்டைப் பையிலிருந்து தபால்தலை அளவில் தன் படம் ஒன்றை எடுத்துத் தாளின் மூலையில் வைத்தார். வந்துவிடவும் என்ற சொல் எழுந்து நின்றது. ம்-மின் புள்ளி மேசை விளிம்புக்கே போய்விட்டது.

"எடுங்கய்யா!" என்று கத்தினார் ஞானசிகாமணி. தன் குரல் இவ்வளவு பெரிது என்று அவருக்கே தெரியாது. "எங்க அக்கா அந்தத் தெருவில இருக்கா. எடுத்துருங்க."

ராபியா தாளின் வெள்ளைப் பகுதியை ஒரு விரலால் காட்டினாள். "நீங்க இங்க இருக்கீங்க, சார். இந்த வெள்ளை பூரா நீங்க குடுத்த எடந்தான். நீங்க தள்ளி நின்னதாலதான் அதுக இங்க நிக்குது."

தலைவர் படத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வெள்ளையைக் குனிந்து பார்த்தார். ஓரங்களைப் பார்த்தார், வரிகளின் நடுவே பார்த்தார், அடியில் இருந்த அகலமான இடத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றார். முத்திரையை எங்கே வைக்கலாம் என்று ராபியாவிடமே கேட்டு, அவள் காட்டிய இடத்தில் நேராக அழுத்தினார்.

மதியத்துக்குள் நோட்டீஸ் கீழத்தெருவின் எல்லா வாசல்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

வெள்ளி காலை
ஆறு மணிக்கு

அணை திறக்கிறது.
கீழத்தெரு மக்கள்
முந்தைய நாள் மாலையே
மேட்டுப் பள்ளிக்கு
வந்துவிடவும்.

நான்கு மணிக்கு முதல் வண்டி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. ஆடுகள், தையல் மிஷின்கள், கட்டிலோடு தூக்கி வரப்பட்ட ஒரு பெரியவர், பூனையைத் தூளியில் கட்டிய ஒரு பெண். ஞானசிகாமணி கேட்டருகே நின்று குடும்பங்களை எண்ணினார். நூற்றுப் பதினேழு வந்துவிட்டன. வானம் இருட்டுவதற்குச் சற்று முன்பு வடிவு அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு நடந்து வந்தார்.

"ஏன்க்கா இவ்வளவு நேரம்?"

"அரிசி ஊறப் போட்டிருந்தேன். அரைச்சு எடுத்துட்டு வந்தேன்." பெட்டியை அவரிடம் கொடுத்தார். "அந்த நோட்டீஸை யாருடா அடிச்சா?"

"சந்தை ரோட்டு ராபியா. ஏன், படிக்க முடிஞ்சுதா?"

"படிச்ச மாதிரியே இல்லடா. வாசல்ல கிடந்துச்சு, பார்த்தேன், கிளம்பணும்னு தெரிஞ்சுபோச்சு." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றார். "அவளுக்கு நாலு இட்லி எடுத்து வைக்கிறேன். நாளைக்குக் கொண்டுபோய்க் குடு."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மதகுகளைத் திறந்தார்கள். தண்ணீர் கீழத்தெருவின் ஓட்டுக்கூரைகளைத் தொட்டு, ஆளில்லாத வீடுகளுக்குள் புகுந்து, யாரையும் எடுத்துக்கொள்ளாமல் போனது. பள்ளிக்கூட மாடியிலிருந்து அதை எல்லோரும் பார்த்தார்கள். ஞானசிகாமணி ராபியாவின் கடைக்கு இட்லியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு, அந்தக் குச்சியால் சுழிக்குள் மை எடுப்பது எப்படி என்று ஒரு மாணவனைப் போல மரியாதையாகக் கேட்டார். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டாள்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. சனங்கள் துடைப்பத்தோடு தெருவுக்குத் திரும்பினார்கள். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நின்ற வீடுகள் இப்போது ஆளுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றன; நடுவில் காற்று போய் வந்தது. வடிவு அக்கா தன் வீட்டுக்கும் எட்டாவது வீட்டுக்கும் இடையில் கொடி கட்டி ஈரச்சேலையைக் காயப்போட்டார். பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிளில் வந்து வீடுகளுக்கான கடிதங்களைக் கொடுத்தார். இடைவெளிகளுக்கு மூன்று கடிதங்கள் இருந்தன. அவற்றையும் அந்தந்த இடத்தில் கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவுக்குப் போனார்.