வில்லனுக்குக் கைதட்டியவர்கள்

பெங்களூர் பிரேசர் டவுன் ஹாலில் ரெஸ்லிங் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசை நாற்காலிகள் வின்சென்ட் கோஷ்டிக்குத்தான். ரெஸ்லிங்கைக் கரைத்துக் குடித்தவர்கள். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவான விஷயம் என்று அவர்களுக்குத் தெரியும். விழுகிறவன் எலும்பு முறியாமல் எப்படி விழுகிறான், அடிக்கிறவன் எப்படி அவனைத் தாங்குகிறான் என்பதும் அத்துப்படி. அதனால் ஊரே ஹீரோவுக்கு விசிலடிக்கும்போது இவர்கள் வில்லனுக்குக் கைதட்டுவார்கள். பாதி வேலை அவனுடையதல்லவா! ரசனைதான் அது, கொஞ்சம் திமிரும் உண்டு.

அங்கே வில்லன், தாஸ். அவனும் வின்சென்ட்டும் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே லைன் வீட்டுப் பிள்ளைகள். கேபிள் வந்த புதிதில் பக்கத்து வீட்டு டிவி முன்னால் சப்பணமிட்டு உட்காருவார்கள். ஹீரோவின் முதுகில் நாற்காலி விழுந்தால் வின்சென்ட் அழுதே விடுவான். வில்லனைத் திட்டித் திட்டி மறுநாள் பள்ளியில் பேச்சே வராது. பெங்களூருக்கு வந்து, பிரவுசிங் சென்டரில் உள்விவரமெல்லாம் படித்துத் தேறிய பிறகு எல்லாம் போயிற்று. தெரிந்துகொண்டது சந்தோஷம்தான். ஆனால் அந்த அழுகைக்காக நாற்பது வயதுக்கு மேல் ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"நாளைக்கு என் கடைசி மேட்ச்டா," என்றான் தாஸ், சனிக்கிழமை டீக்கடையில். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, டாக்டர் போதும் என்றுவிட்டார். "பதினஞ்சு வருசமா வில்லன். ஒரு நாளாச்சும் இந்த ஊரு என்னைக் காறித் துப்பிச்சா? ஜனங்க திட்ட ஆரம்பிப்பாங்க, நீங்க கைதட்டுவீங்க, உடனே எல்லாரும் சிரிச்சிருவாங்க. என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறதே நீங்கதான் மச்சான். நாளைக்காவது திட்டுங்கடா."

"அவ்ளோதானே? சக்கத்தா திட்டிடலாம் குரு," என்றான் வின்சென்ட், பெங்களூர்க் கன்னடம் கலந்து.

திட்ட வரவில்லை. மறுநாள் தாஸ் ரிங்கில் ஏறியதும் கோஷ்டியிலிருந்த பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலிக் கேசவ், வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் "ஊ" என்றான். வின்சென்ட் அடிவயிற்றிலிருந்து கத்திப் பார்த்தான். அவனுக்கே பொய்யாகக் கேட்டது. பின்வரிசைகள் சிரிக்கத் தொடங்கின. கடைசி நாளில்கூட நண்பன் கேட்டதைக் கொடுக்க முடியவில்லையே என்று அவமானமாக இருந்தது.

தாஸ் மைக்கை வாங்கினான்.

"தோ முன்னாடி உக்காந்திருக்கானே, வின்சென்ட், எங்க ஊரு பண்டிதன்! இவங்கப்பா ஆயுசு பூரா பூமிக்குள்ள தங்கம் வெட்டுனாரு. குண்டுமணியாச்சும் வீட்டுக்கு வந்துச்சா? அவரு செத்தப்ப பெட்டி தூக்குனவன் நான். கனமே இல்லைங்க! உள்ள ஆள் இருக்காரா, சுரங்கத் தூசி மட்டுந்தானான்னு தொறந்து பாக்கலாம்னு இருந்தேன்!"

ஹாலில் பாதிக்கு மேல் கோலார் குடும்பங்கள். அன்று கல்லறை வரைக்கும் தோள் மாற்றாமல் அழுதுகொண்டே நடந்தவன் இதே தாஸ்தான்.

வின்சென்ட் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். "டேய் நாயே! எங்கப்பா கையால சோறு தின்னவன்டா நீ!"

தடுப்பின்மேல் ஏறப் போனவனைக் கேசவ் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அதற்குள் ஹாலே எழுந்துவிட்டது. தமிழ், கன்னடம், உருது என்று வாய்க்கு வந்த மொழியிலெல்லாம் வசவு. யாரோ செருப்பை வீசினார்கள். இளம் ஹீரோ ரித்விக் தாஸைத் தூக்கி அடித்தபோது, "இன்னும் அடி! விடாத அவன!" என்று வின்சென்ட் அழுதபடி கத்தினான். தாஸ் எப்படி விழுந்தான், ரித்விக் எப்படித் தாங்கினான் என்று பார்க்கவே தோன்றவில்லை.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனான். தாஸ் கழுத்தில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தான்; பயந்துபோன முகம். வின்சென்ட் யோசித்து வைத்திருந்தது என்னவோ பாராட்டுத்தான். அப்படி ஒரு மைக் பேச்சை அவன் எங்கே கேட்டிருக்கிறான்! ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மறுபடி அந்தச் சவப்பெட்டிப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

"எங்கப்பாவ இழுத்துட்டல்ல. இத நான் மன்னிக்கவே மாட்டேன்டா."

நிஜமாகவே சொன்னான். அது தாஸுக்கும் புரிந்தது. எழுந்து வந்து வின்சென்ட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தாங்க்ஸ் மச்சான்," என்று விசும்பி விசும்பி அழுதான்.

வின்சென்ட் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் மன்னிக்கவும் இல்லை.