பின்னால் காலி மைதானம்

"எங்கண்ணன் மேல மட்டும் கை வெக்காத. வர ஞாயித்துக்கெழம என் வளைகாப்புக்கு அவன் வந்தாகணும்" என்று காலையில் சுகிர்தா கெஞ்சித்தான் அனுப்பியிருந்தாள். அவளை இம்மானுவேல் காதலித்துக் கட்டிக்கொண்டதிலிருந்து அவள் அண்ணன் தாவீது அவர்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இன்று புதுவாயல் கால்பந்து மைதானத்தில் அவன் எதிரணி. பெயின்ட் கம்பெனி அணிக்கு கோல் போடுகிறவன்.

இம்மானுவேலின் இரும்பு ஆலைக்காரர்களுக்கு ஒரே ஆட்டம்தான் தெரியும். எதிரியின் கோல் வரை மொத்த அணியும் ஏறிப்போய், பந்தைத் தொட்டவன் மூச்சு விடுவதற்குள் மேலே விழுவது. பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி உருளைகளுக்கிடையில் பாய்ந்து வரும்போது ஆலையில் ஒருவனும் சும்மா நிற்க முடியாது, அந்தப் பழக்கம்.

முதல் பாதி வேட்டைதான். ஒரு முழங்கை எவனுடைய பல்லையோ பெயர்த்தது. பறித்த பந்தில் ஆலை அணியின் குப்புராஜ் கோல் போட்டான். தாவீதின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

ஆனால் ஆலைக்காரர்களில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள். இரண்டாம் பாதியில் கால்கள் செத்தன. மேலேறியவர்கள் திரும்பி ஓட முடியாமல் இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

"பின்னாடி எறங்குங்கடா!" என்று கத்தினான் இம்மானுவேல்.

"அங்கியே வெச்சி அமுக்குடா! உட்டா பூந்துருவானுங்க" என்றான் குப்புராஜ்.

பெயின்ட் கம்பெனிக்காரன் ஒருவனின் ஒரே நீண்ட உதை. பந்து எல்லோர் தலையையும் தாண்டி விழுந்தது. அதன் பின்னால் தாவீது. பாதி மைதானம் காலி. நடுவில் இம்மானுவேல் மட்டும்.

"என் தங்கச்சியத் தூக்கினு போனவனே, இப்ப பந்தத் தூக்குடா பாக்கலாம்!"

சுகிர்தாவின் குரல் நினைவுக்கு வராமல் இல்லை. அதற்குள் கால் பாய்ந்துவிட்டது, பந்தை நோக்கி அல்ல. முருங்கைக் கிளை முறிவது போல ஒரு சத்தம்.

பெயின்ட் கம்பெனிக்காரர்கள் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இம்மானுவேலின் முதுகில் இரண்டு அடி இறங்கியது. மூன்றாவதற்குள், மைதான ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த சுகிர்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். கம்பு தாழ்ந்தது.

அண்ணனை ஆட்டோவில் ஏற்றியதும் திரும்பினாள். "இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஏறு. நீ ஒடச்ச கால நீயே புடி."

சாலைப் பள்ளத்தில் ஆட்டோ குதித்தது. தாவீது அலறிக்கொண்டே இம்மானுவேலின் மூக்கில் குத்தினான். இம்மானுவேலின் இரண்டு கைகளும் காலைத் தாங்கியிருந்தன, விடவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் அந்தக் காலின் மேலேயே சொட்டியது.

"இன்னும் ரெண்டு போடுண்ணே" என்றாள் சுகிர்தா, அழுதுகொண்டே. "ஆனா ஞாயித்துக்கெழம வந்துடணும்."

அடுத்த பள்ளம். தாவீதின் ஓங்கிய கை இம்மானுவேலின் தோளைக் கெட்டியாகப் பற்றியது.

"ஆடாம புடிடா" என்றான் பல்லைக் கடித்து. "ஞாயித்துக்கெழம நீயேதான் வந்து என்னத் தூக்கினு போவணும்."