நாற்றமில்லாத லாயம்

அண்ணனுடைய குதிரையேற்றப் பள்ளிக்கு ஒரு பெருமை உண்டென்றால் அது நாற்றமில்லாமைதான். குதிரைகள் எப்படி ஓடுகின்றன, பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொள்கிறார்களா என்பதெல்லாம் அப்புறம். வாசல் பலகையிலேயே 'பன்னிரண்டு குதிரைகள், துளி நாற்றமில்லை' என்று எழுதி வைத்திருந்தான். காலையில் காரை விட்டு இறங்கும் பெற்றோர் மூக்கை இழுத்துப் பார்த்துவிட்டு "அட, நிஜம்தான்" என்பார்கள். அண்ணனுக்கு அன்றைய பொழுது அதிலேயே நிறைந்துவிடும். போதாக்குறைக்கு அண்ணி மூலைக்கு மூலை பன்னீர் வாடையடிக்கும் எதையோ பீய்ச்சி வைப்பாள். தங்கைக்கு அந்த வாடைதான் ஆகாது.

தங்கை குதிரை டாக்டர். அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வந்தது சீமாட்டிக்காக. சீமாட்டி என்பது குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் லாயக்காரர் வைத்த பெயர். அந்தப் பழுப்புநிறப் பெண் குதிரை ஒவ்வொரு புல்லாக முகர்ந்து பார்த்து, பாதியை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடும். நாலு மாதமாக அந்தப் பாதியையும் ஒதுக்கியது. முடியில் மினுமினுப்புப் போயிற்று. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கினால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பல்லைக் காட்டியது.

முதல் மாதம் அண்ணன் போனில் சொன்னபோது, "வயித்துப் புண்ணா இருக்கும்ணா. பசை மருந்து அனுப்புறேன், குடுத்துப் பாரு" என்று அவளும் போனிலேயே முடித்துவிட்டாள். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இப்படி மூன்று சுற்று ஆயிற்று. ஒரு தரம் கூட அவள் நேரில் வந்து பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவன் குதிரையாக இருந்தால் வந்திருப்பாள். அண்ணன் லாயம்தானே என்று ஒரு மெத்தனம்.

முந்தின நாள், வாரை இறுக்கும்போது சீமாட்டி ஒரு சிறுமியின் சட்டைக் கையைக் கவ்விக் கிழித்துவிட்டது. நல்லவேளை, தோலில் படவில்லை. அண்ணன் உடனே போன் போட்டு, ஒரு வாரத்துக்குள் சரியாகாவிட்டால் தரகனிடம் தள்ளிவிடப் போவதாகச் சொன்னான். தரகன் ஓட்டிப்போகும் குதிரை கடைசியில் கசாப்புக்குத்தான் போய்ச் சேரும் என்று இருவருக்கும் தெரியும். அதைக் காய்கறி விலை சொல்கிற குரலில் அவன் சொன்னதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"மருந்தோட அளவை ஏத்திக் குடு, போதும்" என்றான் அண்ணன், அவள் வண்டியை விட்டு இறங்குவதற்குள்.

"உள்ள பாக்காம இனி ஒரு டியூப் கூடக் குடுக்க மாட்டேன். கேமராவை விட்டுப் பாத்துட்டுத்தான் மத்தது."

"இதுக்குப் போய் கேமராவா?"

அவள் லாயக்காரர் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில பாக்கலாம். வயிறு காலியா இருந்தாத்தான் உள்ள தெரியும். இன்னிக்கு சாயந்தரம் நாலு மணிக்கு மேல புல்லு, தீவனம் எதுவும் காட்டாதீங்க. முழுசா பதினாறு மணி நேரம். பாவம், தவிக்கும். மனசு கேக்காம ஒரு பிடி போட்டுடாதீங்க."

லாயக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுல என்ன இருக்கு டாக்டரம்மா. தினமும் நடக்கிறதுதானே."

"எது தினமும் நடக்குது?"

"நாலு மணிக்குப் போடறதுதான் கடைசி. அப்புறம் காலையில பிள்ளைங்க எல்லாம் கிளம்பிப் போனப்புறம், ஒன்பதரைக்கு. வெறும் வயித்துல ஓட்டினா மைதானத்துல லத்தி போடாது பாருங்க. கீழ வைக்கோலை எடுத்துட்டு மரத்தூள் கொட்டினதும் அதுக்குத்தான். வைக்கோலா இருந்தா ராத்திரியில அதையும் தின்னு வெச்சுடுதுங்க."

அவள் அண்ணனைப் பார்த்தாள். தலையைக் குனிவான் என்று நினைத்தது அவள் தப்பு. "ஒன்பது மணி வரைக்கும் ஒரு உருண்டை கீழ விழாது" என்றான், பரிசு வாங்கியவன் போல. "அப்பா காலத்து முறைதான். நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான்."

குதிரையின் வயிறு தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவும் பகலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதற்கு அணை. காலி வயிற்றோடு ஓட்டினால் அந்த அமிலம் தளும்பி, காப்பில்லாத மேல்பாதியில் அடிக்கும். முதல் வருஷப் பாடம் இது. போனில் முடியைப் பற்றிக் கேட்டாள், பல்லைப் பற்றிக் கேட்டாள், மருந்தை விழுங்குகிறதா என்று கேட்டாள். எத்தனை மணிக்குச் சாப்பாடு போடுகிறீர்கள் என்று மட்டும் நாலு மாதமாக அவள் கேட்கவே இல்லை. அண்ணன் மேல் வந்த அருவருப்பில் சரிபாதி அவள் மேலேயே திரும்பியது.

"அப்ப நாளைக்கு எதுக்கு?" என்றாள். "பதினாறு மணி நேரம் இப்பவே ஆயிடுச்சு."

கருவி வண்டியிலேயே இருந்தது. கழுத்து நரம்பில் மயக்க ஊசி போட்டதும் சீமாட்டி நின்றபடியே தலையைத் தொங்கவிட்டது. கீழுதடு தளர்ந்து எச்சில் ஒழுகியது. மூக்குத் துவாரம் வழியாக மூன்று மீட்டர் குழாயை மெல்ல மெல்ல உள்ளே செலுத்தி, காற்றைப் பாய்ச்சி வயிற்றை விரித்தாள். லாயக்காரர் தலையைத் தாங்கிக்கொண்டார். அண்ணன் திரையைப் பார்த்தபடி நின்றான்.

துவைத்த துணி போல வெளுப்பாக இருக்க வேண்டிய மேல்சுவர், உரித்த சதையாக இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் தடித்து, நடுவில் குழிகள். ஒன்றிரண்டில் ரத்தம் நூலாகக் கசிந்தது. கீழே பச்சை நுரையில் கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது. அவள் கேமராவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். மரத்தூள். பசி பொறுக்காமல் கால் கீழே கிடந்ததைத் தின்றிருக்கிறது.

குழாய் வழியாகக் காற்றை வெளியே எடுத்தபோது புளித்து அழுகிய வாடை குப்பென்று வந்தது. அண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனான். "சே, என்ன நாத்தம் இது."

"உன் லாயத்து நாத்தம்தான். வெளிய விடாம இதுக்குள்ள போட்டு வெச்சிருந்த."

அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "சரி, பாத்தாச்சு இல்ல? மருந்து குடு. ரெண்டு மாசம் விடாம போடறேன்."

விடாமல் போடுவான், அதில் சந்தேகமில்லை. புண் ஆறும், குதிரை அடங்கும், பட்டினி அது பாட்டுக்கு நடக்கும். இந்த நாலு மாதமும் அப்படித்தான் நடந்தது. அவள் அனுப்பிய மருந்துதான் அவன் போட்ட பட்டினிக்குத் துணை நின்றிருக்கிறது. கொடுக்கவில்லையென்றாலோ, துடிக்கப் போவது சீமாட்டிதான், அண்ணன் இல்லை. பையைத் திறந்தாள். மருந்துப் பெட்டிக்கு மேலேயே இந்த வருஷத்துச் சான்றிதழ்த் தாள் இருந்தது. 'பன்னிரண்டும் நலம், சவாரிக்குத் தகுதி' என்று ஆறு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையெழுத்துப் போடுகிற தாள். அதைப் பார்க்கவே கூசியது.

"மருந்து குடுக்கிறேன்" என்றாள். "காலையில தீவனத்துக்கு அரை மணி நேரம் முன்னாடி மருந்து. மத்தபடி ராத்திரி பகலா புல்லு முன்னாடி இருக்கணும். ஒரு பிடி தின்னாம எதுமேலயும் சேணம் ஏறக் கூடாது. ஒரு மாசம் சீமாட்டி மேல யாரும் ஏறவே கூடாது. அப்புறம் நான் வந்து மறுபடி உள்ள பாப்பேன். தரகன் இந்தப் பக்கம் வந்தாலோ, வயித்துக்குள்ள மரத்தூளைப் பாத்தாலோ, பன்னிரண்டுக்கும் கையெழுத்து கிடையாது. பள்ளியை மூடிக்க."

"சொந்த அண்ணன்கிட்ட பேசற பேச்சா இது?"

"வேற யாராவது இருந்திருந்தா நாலு மாசம் முன்னாடியே பேசியிருப்பேன்."

"மத்த பதினொண்ணுக்கும் என்ன வந்துச்சு? அதுங்க நல்லாத்தானே இருக்கு."

அவள் மற்ற அறைகளின் பக்கம் திரும்பினாள். வரிசை நெடுக ஒரு சத்தம் கேட்டது, நறநற, நறநற. பல்லோடு பல் உரசுவது கொஞ்சம், கதவு மரத்தைக் கடிப்பது கொஞ்சம். எல்லாக் கதவிலும் மேல் விளிம்பு தேய்ந்து பள்ளமாகியிருந்தது. சின்ன வயதில் இதே லாயத்துக்கு மேலே இருந்த அறையில், இதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்குவாள். கல்லூரி விடுதியில் தூக்கம் வராமல், எங்கள் வீட்டுத் தாலாட்டு அது என்று தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறாள். கீழே குதிரைகள் பசியில் பல்லைக் கடித்திருக்கின்றன, மேலே அவள் சுகமாகத் தூங்கியிருக்கிறாள்.

லாயக்காரர் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. கைவண்டியில் புல்லைக் கொண்டுவந்து அறை அறையாகப் போட்டார். போடப் போட, அந்த அறையில் நறநறப்பு நின்று, மெல்லும் சத்தம் ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அந்த லாயத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. எங்கோ ஒரு குதிரை லத்தி போட்டது. யாரோ ஒரு பெற்றோர் மூக்கைப் பிடித்தார். அண்ணி பன்னீர்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மயக்கம் தெளியும்வரை சீமாட்டிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. அதற்கு மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் பட்டினி. அவள் அந்த அறையிலேயே காத்திருந்தாள். கண் தெளிந்து, காது நிமிர்ந்தபின், இருப்பதில் மிருதுவான புல்லாகப் பொறுக்கி அதன் முன்னால் வைத்தாள்.

சீமாட்டி தலையைத் தாழ்த்தியது. புல்லைத் தாண்டி, பழகிய மூலைக்குப் போய், வாய் நிறைய மரத்தூளை அள்ளியது.

டாக்டர் மண்டியிட்டு, அதன் கடைவாயில் கையை விட்டு, ஈரத் தூளைத் தோண்டித் தோண்டி எடுத்தாள். நாலு மாதத்தில் அந்த வாய்க்குள் அவள் கை போனது அன்றுதான் முதல் தடவை.