மல்லிகா கொடுத்த பேட்டி

இப்போது கொழும்பில் வேலையும் வீடுமாக ஓடிக்கொண்டிருக்கும் விஜயகலாவுக்கு, உயர்தரம் படித்த நாட்களை நினைத்தால் போதும், சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்தே வரும். கரவனெல்லப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். ஊடகக் கற்கை எடுத்தது மூன்றே பெண்கள். மைக்கா? அதெல்லாம் யார் கண்டது! அகப்பையைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்தார்கள். அப்படி ஒரு காலம் இனி வருமா?

வீட்டில்தான் பெரும் ரகளை.

"எழவு வீட்டுல கேமராவ நீட்டுனானுங்களே, அந்த வேலைக்கா படிக்கிற? வேற பாடத்துக்கு மாறிரு!" என்று ஒற்றைக்காலில் நின்றாள் அம்மா மல்லிகா. மண்சரிவில் வீட்டோடு அப்பாவும் போன அன்று வந்த டிவிக்காரர்களை அவள் மன்னிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து டீச்சர், வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்து வரச் சொன்னார். வீட்டில் இருந்ததே அம்மா ஒருத்திதான். விஜயகலா கெஞ்சிக் கூத்தாடினாள்.

"பேட்டி தாரேன். அதோட இந்தப் பாடத்த விட்டுரணும்," என்றாள் மல்லிகா. வேறு வழியில்லாமல் மகள் தலையாட்டினாள்.

ரப்பர் மலையில் பால்வெட்டு முடிந்து வந்த மல்லிகா, முகம் கழுவி, பவுடர் பூசி, விறைப்பாக உட்கார்ந்தாள். விஜயகலா போனைத் தூக்கியதுதான் தாமதம், அம்மா சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள்.

"அபிட்ட கெயக் ஓன மாத்தயா!"

எங்களுக்கு ஒரு வீடு வேண்டும் ஐயா என்று, பெற்ற மகளைப் பார்த்து! கேமரா வந்தபோதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்ட பேச்சு. விஜயகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அதை அடக்கிக்கொண்டாள்.

"அம்மா, நான்தாம்மா. தமிழ்லயே சொல்லுங்க. அப்பா எப்புடி இருப்பாரு?"

மல்லிகா திகைத்துப் போனாள்.

"ஒங்கப்பாவா? அந்த மனுசனுக்குப் பாட்டுன்னா உசுரு. ராகந்தான் கிட்டயே வராது," என்று சிரித்தாள். "மழை பேஞ்சா பலாக்கொட்டைய அடுப்புல சுட்டு, எனக்குத்தான் மொதல்ல உரிச்சுக் குடுப்பாரு..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

போன்தான் நின்றது. "ஐயோ அம்மா, போன்ல எடம் முடிஞ்சிருச்சு!"

"நிக்கட்டும்டி. அவரு எப்புடிச் செத்தாருன்னுதான் வந்தவனெல்லாம் கேட்டான். எப்புடி இருந்தாருன்னு நீதான் கேட்ட." சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இதக் கேக்கத்தான் படிக்கிறன்னா, படி. இப்பக் கேளு, இன்னும் நெறைய இருக்கு."